ஏழு நாள் ஈரம்

எங்கள் மரம் வெட்டும் கம்பெனிக் குடியிருப்பிலிருந்து தார் ரோட்டுக்கு ஆறு கிலோமீட்டர். அந்த ஆறு கிலோமீட்டரை ரோடு என்று சொன்னவர்கள் இரண்டே பேர்: வரைபடம் போட்டவர் ஒருவர், அந்த வரைபடத்தைக் காட்டி ஓட்டுக் கேட்க வந்தவர் ஒருவர். நாங்கள் பாதை என்போம். மழைக்காலத்தில் அந்தப் பெயரும் அதற்கு அதிகப்படி.

அந்தப் பாதையை சிமெண்ட் கலந்து கெட்டிப்படுத்துவதற்காக ஒரு இன்ஜினியர் வந்து சேர்ந்தார். தோளில் ஒரு தோல்பை, வாயில் ஒரு சொல். மரம் அறுக்கும் மில் வாசலில் எங்களையெல்லாம் நிற்கவைத்து விளக்கினார்.

"இது கான்கிரீட் ரோடு இல்லை. அதை முதல்ல புரிஞ்சுக்கணும். இருக்கற மண்ணையே ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறுவோம். நூறு பங்கு மண்ணுக்கு அஞ்சு பங்கு சிமெண்ட். அளவாத் தண்ணி. மெஷின்ல கலக்கி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ரோலர் போட்டு இறுக்கிடணும். எதுக்கும் விகிதாச்சாரம் முக்கியம்."

"பிசைஞ்சு தட்டறது. என் பொண்டாட்டி தினம் பண்றா, அவளுக்கு யாரும் பட்டம் கொடுக்கல" என்றான் மில்லில் வாள் தீட்டுகிறவன்.

அன்றிலிருந்து இன்ஜினியருக்கு விகிதாச்சாரம் என்று பெயர் நிலைத்தது. அவருக்கும் அது தெரியும். மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

கதை அவரைப் பற்றியதல்ல. ரோலர் ஓட்டியவரைப் பற்றியது. அவரையும் நாங்கள் ரோலர் என்றே கூப்பிடுவோம். பத்து டன் இரும்பை இருபது வருஷமாக நடை வேகத்தில் ஓட்டுகிறவருக்கு அவசரம் என்ற ஒன்று உடம்பிலேயே தங்காது. அவித்த முட்டையை உரித்தாலும் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து வரிசை தப்பாமல் மறு ஓரம்வரை போவார். விட்டுப்போன இடம் என்று ஒரு துணுக்கு ஓடு இருக்காது. அவர் மனைவிக்குக் கம்பெனி நாற்றுப் பண்ணையில் வேலை. விதை பொறுக்குவதும், நகக்கண் அளவு முளையைக் குச்சியால் நெம்பிப் பைக்கு மாற்றுவதும். அவள் எங்கள் எல்லோருக்கும் நர்சரியக்கா. பிள்ளை இல்லை. தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீட்டில் அவர்கள் பேசிக்கொள்வதைவிட ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணிக்கொள்வதுதான் அதிகம் கேட்கும்.

விகிதாச்சாரம் வந்த முதல் வருஷம் சோதனைக்கென்று இருநூறு மீட்டர் போட்டுப் பார்த்தார்கள். ரோலர் சாயங்காலம்வரை இறுக்கிவிட்டு, துணியால் துடைத்துவிடலாம் போல வழுவழுவென்று வைத்துவிட்டுப் போனார். தடுப்பு எதுவும் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. விடிந்ததும் மரலாரி ஒன்று முழுப் பாரத்தோடு அதன்மேல் போனது. மண் கெட்டிப்பட்டது, லாரித் தடத்தோடு சேர்ந்து கெட்டிப்பட்டது. இரண்டு நீளப் பள்ளம், கல் மாதிரி. விகிதாச்சாரம் அறிக்கை எழுதினார்: ரோலர் இயக்கத்தில் குறைபாடு. தடுப்பு வைக்காதது யாருடைய குறைபாடு என்பதை எழுத அந்தக் காகிதத்தில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

"ரோலரே, ரயில் எத்தனை மணிக்கு? தண்டவாளம் ரெடியா இருக்கு" என்று ஒரு வருஷம் கேட்டுத் தீர்த்தோம். அவரும் சிரிப்பார். வீட்டுக்குப் போய் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார் என்று நர்சரியக்கா பிற்பாடுதான் சொன்னாள். நாங்கள் கேட்டது சும்மா தமாஷுக்கு. தமாஷுக்குக் கேட்டதெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே இந்த முறை அவர் வேறு ஆளாக நின்றார்.

ஐந்து நாள் வேலை. முன்னால் கிளறும் மெஷின். அதன் பின்னே சிமெண்ட் மூட்டைகளை அளந்த இடத்தில் வைத்து, கிழித்து, பலகையால் இழுத்துப் பரப்புகிற ஆட்கள். முகத்தில் துணி கட்டி, கண் மட்டும் தெரிய, புருவம் நரைத்து, எல்லோரும் ஒரே வயதுக்கு வந்துவிட்டார்கள். ஈர மண்ணோடு சிமெண்ட் சேர்கிறபோது ஒரு சூடான வாடை எழும். மழை நின்ற சுவரின் வாடையும் தீக்குச்சியின் வாடையும் கலந்தது போல. கடைசியில் ரோலர். அவர் இறங்கி, கலவையை ஒரு பிடி அள்ளி, உருண்டை பிடித்து, இரண்டாகப் பிட்டுப் பார்ப்பார். சுத்தமாக இரண்டாக உடைந்தால் ஈரம் சரி. உதிர்ந்தால் தண்ணீர் கேட்பார். கையில் ஒட்டினால் காத்திருப்பார். விகிதாச்சாரம் கருவி வைத்து அளந்து, பத்து நிமிஷம் கழித்து அதே பதிலுக்கு வந்து சேருவார்.

ஐந்தாம் நாள் வேலை முடிந்ததும் விகிதாச்சாரம் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றார். கல் தேவையில்லை, கூட்டம் பதினைந்து பேர்.

"இனிமேதான் முக்கியம். ஏழு நாள். ஏழு நாள் ஈரம் காயக் கூடாது, வண்டி ஏறக் கூடாது. ஈ எறும்புகூட இதுமேல போகக் கூடாது. போன வருஷம் நடந்தது திரும்ப நடந்தா நான் பொறுப்பு இல்லை" என்றவர், ரோலர் பக்கம் திரும்பி, "நீங்கதான் பொறுப்பு" என்றார்.

இரண்டு சங்கிலி, இரண்டு பூட்டு. ஒன்று எங்கள் முனையில், ஒன்று தார் ரோட்டு முனையில். இரண்டு சாவியும் ரோலரிடம். குடியிருப்புக்கு வேண்டிய சாமானெல்லாம் முன்கூட்டியே வந்து இறங்கியிருந்தது. மரலாரிகள் கீழேயே நின்றுவிட்டன. ஓடை ஓடையாக பம்ப் வைத்து, குழாயில் ரோடு முழுக்கத் தண்ணீர் தெளித்தார்கள். ரோலர் தினமும் ஓரத்துக் கால்வாய்க் கரையில் ஆறு கிலோமீட்டர் இறங்கி, ஆறு கிலோமீட்டர் ஏறினார். ரோட்டில் கால் வைக்கவில்லை. ஈ எறும்பு என்று சொல்லியிருக்கிறதே.

இரண்டாம் நாள் காலையில் நர்சரியக்கா விதைத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு இடது கண்ணைக் கசக்கினாள். முந்தின நாளே கண்ணுக்குள் கொசு பறப்பது போலவும், மூலையில் மின்னல் வெட்டுவது போலவும் இருந்ததாம். இப்போது மூக்குப் பக்கத்து ஓரத்தில் ஒரு நிழல். குடியிருப்பு நர்ஸம்மாவிடம் போனாள். நர்ஸம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"சிவப்பு இல்லை, தண்ணி வடியல. இது என் கைக்கு அடங்கற சமாச்சாரம் இல்லம்மா. கண் டாக்டர் பாக்கணும். சீக்கிரம் போ."

"சீக்கிரம்னா எப்போ?"

"சீக்கிரம்னா சீக்கிரம்தான். வலிக்குதா?"

"வலியே இல்லை."

"வலி இல்லைன்னா…" என்று நர்ஸம்மா இழுத்தாள். அந்த இழுப்பில்தான் எல்லோரும் வழுக்கி விழுந்தார்கள். வலிக்காத நோயை நோய் என்று எங்கள் பக்கத்தில் யாரும் மதித்ததில்லை.

பண்ணை ஆபீஸ் போனில் தம்பிக்குச் சொன்னாள். தம்பி டவுனில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். மறுநாள், அதாவது மூன்றாம் நாள் மத்தியானம், தார் ரோட்டு முனையில் சங்கிலிக்கு முன்னால் காரை நிறுத்தி ஹாரன் அடித்தான். ரோலர் அப்போதுதான் நடந்து வந்து சேர்ந்திருந்தார்.

"மாமா, சங்கிலியை அவிழுங்க. அக்காவைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"வா மாப்ள. ஒரு டீ சாப்பிடு."

"டீ இருக்கட்டும் மாமா. கண்ணு விஷயம். அக்கா போன்ல சிரிச்சுக்கிட்டே சொல்லுது, எனக்கு அதுதான் பயமா இருக்கு."

"நாலு நாள் பொறு. ஏழு முடிஞ்சதும் நானே கூட்டிட்டு வரேன்."

"இது கார் மாமா! காலி கார். என்னையும் சேர்த்து எடை போட்டாலும் உங்க ரோலர் சக்கரத்துக்குக் காணாது."

"போன வருஷமும் ஒரே ஒரு வண்டிதான் போச்சு."

"அது மரலாரி."

"வண்டி வண்டிதான். ஒருத்தருக்கு அவிழ்த்தா அப்புறம் மில் முதலாளிக்கு அவிழ்க்கணும். அவரு ஜீப்பை நேத்துத் திருப்பி அனுப்பினேன், தெரியுமா? அவரு கேட்டாரு, 'யார் ரோடுய்யா இது?' நான் ஒண்ணும் சொல்லல. இன்னைக்கு உனக்கு அவிழ்த்துவிட்டா, மச்சினன்னா ஒரு நியாயம், மத்தவனுக்கு ஒரு நியாயமான்னு கேப்பாரா மாட்டாரா?"

"கேட்டா கேக்கட்டும்! முதலாளி எஸ்டேட்டு பாக்கப் போறாரு, அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகுது. ரெண்டும் ஒண்ணா மாமா?"

ரோலர் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்ததாகத் தம்பிக்குத் தோன்றியதாம். அவிழ்க்கலாமா என்று பார்த்ததாக ரோலர் பின்னால் சொன்னார். தொட்ட கை ஒன்றுதான்.

"சாவியைத் தலைகாணிக்கு அடியில வச்சுத் தூங்குங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் தம்பி காரைத் திருப்பினான். "எப்போ வேணாலும் கூப்பிடுங்க, வரேன்" என்றும் சொன்னான். அவன் நல்ல பையன்.

சாயங்காலம் வீட்டில் பேச்சு வந்தது.

"தம்பி வந்தானாமே?"

"வந்தான். அனுப்பிட்டேன்."

"கோவமா போனானா?"

"கதவை ஓங்கிச் சாத்தினான். புதுக் கார், பாவம்." ரோலர் அவள் முகத்தைப் பார்த்தார். "எப்படி இருக்கு இப்போ?"

"ஜன்னல்ல யாரோ பாதி போர்வையைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. உங்களைப் பார்த்தா பாதிதான் தெரியறீங்க. அதுவும் ஒரு விதத்துல நல்லாத்தான் இருக்கு."

"வலிக்குதா?"

"வலிச்சா சும்மா இருப்பேனா? ஊரைக் கூட்டிட மாட்டேன்?" பிறகு, "நான் வேணா நடந்தே போயிடறேனே. நீங்க தினம் நடக்கறதுதானே" என்றாள்.

"கால்வாய் ஓரம் பூரா வெட்டின வேரும் சேறும். ஒரு பக்கம் தெரியாம எங்க போய் விழுவே? விழுந்து கால் ஒடிஞ்சா அதுக்கு வேற தூக்கிட்டு ஓடணும்."

அவர் நடந்த வழிதான். ஆனால் அவருக்கு இரண்டு கண்.

"நாலு நாள்தானே" என்றார். அப்புறம், அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எட்டாம் நாள் காலைல சங்கிலியை அவிழ்க்கறப்போ, முதல் வண்டி உன்னோடதா இருக்கட்டும்னு நினைச்சிருக்கேன். மில் முதலாளியும் இல்ல, இன்ஜினியரும் இல்ல. நீ."

"ஐயோ, மந்திரி மாதிரியா? ரிப்பன் வெட்டறதுக்குக் கத்தரிக்கோல் வேணுமே. நர்சரில கிளை வெட்டறதுதான் இருக்கு, பரவாயில்லையா?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஒரு மாதிரியாக இருக்கிறது. பெரிய மனிதர்களின் திறப்பு விழாக்களைக் கிண்டல் பண்ணியே பொழுது போக்கிய எங்களில் ஒருவருக்கு, தன் பெண்டாட்டியை வைத்து ஒரு திறப்பு விழா நடத்த வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கிறது. அதில் என்ன தப்பு என்றும் தெரியவில்லை. தப்பில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் நாள் அவள் ஒரு பைக்குள் இரண்டு முளையை நட்டாள், அடுத்த பையை வெறுமனே விட்டாள். மேற்பார்வைக்காரி, "போய் ஓய்வெடுங்கக்கா" என்று அனுப்பிவிட்டாள். வீட்டில் டீ ஊற்றியபோது டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். "டம்ளர் நகர்ந்துடுச்சு" என்றாள். ரோலர் தரையைத் துடைத்தார். ஒரு மூலையில் ஆரம்பித்து, வரிசை தப்பாமல். துடைத்து முடித்ததும் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார் என்று பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் உள்ளே போய்விட்டார்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு விகிதாச்சாரம் ஜீப்பில் வந்து, தார் ரோட்டு முனையில் நின்றார்.

"திறங்க."

"நாளையோட முடியுது சார். நாளன்னிக்குக் காலைல திறக்கறேன்."

விகிதாச்சாரம் கண்ணாடியைக் கழற்றினார். "நான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கேன்."

"நடந்து போகலாம் சார். ஓரமா வழி இருக்கு, நான் கூட வரேன். ஈ எறும்புகூடன்னு நீங்கதான் சொன்னீங்க."

விகிதாச்சாரம் வாய்விட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஒரு வேலையாள் தன் வாக்கை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டதில் உச்சி குளிர்ந்துபோன சிரிப்பு.

"அட, அது லாரிக்கு ஐயா! பாரவண்டி. ஜீப்பு, காரு எல்லாம் மறுநாளே தாராளமா போகலாமே. இறுக்கினது நீங்க, உங்களுக்குத் தெரியாதா? கூட்டத்துல பேசறப்போ கொஞ்சம் அழுத்திச் சொன்னாத்தானே கேப்பாங்க. அதுக்காகச் சொன்னது."

ரோலர் பூட்டில் சாவியைப் போட்டார், போகவில்லை. மறுபடியும் போட்டார். ஜீப் டிரைவர் இறங்கி வந்து திறந்துவிட்டான்.

"காருன்னா… காலி காரு, சார்? போறப்போ காலி. திரும்பறப்போ ஒரு ஆள் கூட."

"ஒரு ஆள் என்ன, அஞ்சு ஆள் போகட்டுமே. ஏன்?"

"ஒண்ணுமில்ல சார். ஒரு போன் பண்ணணும்."

ஜீப்பிலேயே ஏறி மேலே வந்தார். தான் போட்ட ரோட்டில் அவர் முதல்முதலாகப் போனது அப்படித்தான், விகிதாச்சாரத்தின் பின் சீட்டில். முன் சீட்டிலிருந்து விகிதாச்சாரம், "பிரமாதம், பிரமாதம், ஒரு அதிர்வு இருக்கா பாருங்க" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். இல்லைதான்.

தம்பி ஒரு மணி நேரத்தில் வந்தான். மாமாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவைக் கையைப் பிடித்து ஏற்றினான். அவளுக்கு அப்போது இடது கண்ணில் மேலே ஒரு கீற்றுத்தான் மிச்சம்.

டவுன் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் நடுவயதுப் பெண். சொட்டு மருந்து விட்டு, அரைமணி காக்கவைத்து, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பார்த்தாள். கண்ணுக்குள்ளே சுவரில் ஒட்டியிருக்கிற திரை கிழிந்து உரிந்துவிட்டது என்றாள். ஈரச் சுவரிலிருந்து காகிதம் உரிகிற மாதிரி, ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வரும்.

"எப்போ ஆரம்பிச்சது?"

"ஒரு நாலஞ்சு நாள் இருக்கும்" என்றாள் நர்சரியக்கா.

"மூணு நாள் முன்னாடி எழுத்துப் படிக்க முடிஞ்சதா, இந்தக் கண்ணால?"

"முடிஞ்சது. விதைகூட பொறுக்கினேன்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தாள். "அப்போ நடுப்பகுதி ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அன்னைக்கே வந்திருந்தா அதைக் காப்பாத்தியிருக்கலாம். இப்போ ஆபரேஷன் பண்ணி ஒட்ட வச்சுடுவேன். ஓரத்துப் பார்வை வரும், நடக்கக் கொள்ள உதவும். ஊசி கோக்கறது, படிக்கறது, விதை பாக்கறது இதெல்லாம் இந்தக் கண்ணால இனிமே கஷ்டம். ஏம்மா, இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

ரோலர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"ரோடு வேலை நடந்துச்சு டாக்டர். வழி இல்லை."

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டாள். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

ஆபரேஷன் மறுநாள் நடந்தது. கண்ணுக்குள் காற்றுக் குமிழி மாதிரி ஒன்று வைத்து அனுப்பினார்கள். அது திரையை அழுத்திப் பிடிக்குமாம். அதற்காக இரண்டு வாரம் முகத்தைக் குனிந்தே வைத்திருக்க வேண்டும், உட்கார்ந்தாலும் படுத்தாலும் குனிந்த தலை நிமிரக் கூடாது, குலுங்கவும் கூடாது. "நீங்க வர்ற ரோடு எப்படி?" என்று டாக்டர் கேட்டாள். "ரோடு நல்ல ரோடு" என்றார் ரோலர். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவர் அந்த டாக்டரிடம் பேசிய ஒரே வார்த்தை அது.

எட்டாம் நாள் சங்கிலியை விகிதாச்சாரமே அவிழ்த்தார். மில் முதலாளியும் இருந்தார். ரோலர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார். அந்த ரோட்டுக்காக விகிதாச்சாரத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. போகும்போது மில் வாசலில் எங்களிடம் சொன்னார்: "அந்த ரோலர்காரர் மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம். என் ஜீப்பையே நிறுத்திட்டாருன்னா பாருங்களேன்." அதை எத்தனை ஊரில் கதையாகச் சொல்லியிருப்பாரோ. வாள் தீட்டுகிறவன்கூட எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. நாங்களும் ரயில் எத்தனை மணிக்கு என்று அதற்குப்பிறகு கேட்டதில்லை. தாமதமாக வந்த நாகரிகம்.

பத்தாம் நாள் தம்பி காரில் அவளை அழைத்து வந்தார்கள். பின் சீட்டில் அவள் மடியில் தலையணை வைத்து, அதில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோலர் பக்கத்தில், ஒரு கை அவள் பிடரியில். தார் ரோடு முடிகிற இடத்தில் தம்பி வேகத்தைக் குறைத்தான். மழை இரண்டு தடவை பெய்து விட்டிருந்தது. மரலாரிகள் போக ஆரம்பித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சாம்பல் நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல், மரங்களுக்கு நடுவே ரோடு ஏறிப் போயிற்று.

ரோலர் ஜன்னல் வழியாக எட்டி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். தன் வேலையைப் பார்க்கிறாராக்கும் என்று தம்பி நினைத்தான். அவர் தேடியது வேறு. எங்கேயாவது ஒரு விரிசல், கார் ஒரு தூக்கு தூக்கிப் போடாவிட்டாலும், கண்ணால் பார்க்க ஒரு சின்னப் பள்ளம். முதல் வளைவில் இல்லை. ஓடைப் பாலத்தில் இல்லை. போன வருஷத் தடம் இருந்த இடம் எது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னங்க" என்றாள் தலையணைக்குள்ளிருந்து.

"என்ன, வலிக்குதா?"

"இல்லை. நம்ம ரோடு வந்தா சொல்லுங்க. கெட்டியாப் பிடிச்சுக்கணும்."

கார் அப்போது அதே ரோட்டின் நாலாவது கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது. தம்பி கண்ணாடியில் மாமாவைப் பார்த்தான்.

"சொல்றேன்" என்றார் ரோலர்.